சிறையில் கொடுத்த மாத்திரையைத் தம்பி நிறுத்திவிட்டான்

கேள்வி: அடிதடி வழக்கில் மூன்று வருடம் பாளையங்கோட்டை சிறையில் இருந்த என் தம்பி வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகிறது. காதில் குரல் கேட்கிறது என்று சொன்னதால் உள்ளே தினமும் மாத்திரை கொடுத்தார்களாம். கொண்டுவந்தது தீர்ந்துவிட்டது. “இனி எனக்கு எதுக்கு?” என்கிறான். பழையபடி ஏதாவது வம்பில் மாட்டிக்கொள்வானோ என்று பயமாக இருக்கிறது. – ஓர் அக்கா, குலசேகரம்

பதில்: வேலை, கல்யாணப் பேச்சு எல்லாம் அப்புறம் இருக்கட்டும், இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். இந்த மாத்திரையை நிறுத்தினால் பலருக்கு உடனே எதுவும் தெரியாது. சில வாரம், சில மாதம்கூட நன்றாக இருப்பார்கள். குணமாகிவிட்டது என்று வீட்டாரும் நம்பிவிடுவார்கள். நோய் திரும்பும்போது பெரும்பாலும் முதலில் கெடுவது தூக்கம். பிறகு சந்தேகம், எரிச்சல், தனக்குத்தானே பேசுவது.

உங்கள் பயம் வீண் பயம் அல்ல. ஸ்வீடனில் சிறையிலிருந்து வெளிவந்த 22,275 பேரைக் கவனித்து 2016-ல் ஓர் ஆய்வு வந்தது. இந்த வகை மருந்து எடுத்த காலத்தில், அதே ஆட்கள் எடுக்காத காலத்தைவிட, வன்முறைக் குற்றம் 42 சதவீதம் குறைவாக இருந்தது. இதை வைத்து மனநோய் உள்ளவரெல்லாம் அடிதடிக்காரர் என்று எண்ணிவிடாதீர்கள். அப்படி இல்லவே இல்லை.

ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். காலி மாத்திரை அட்டை கிடந்தாலும் எடுத்துப் போங்கள், மருந்தின் பெயர் அதில் இருக்கும். சிறையில் இருந்ததை டாக்டரிடம் மறைக்க வேண்டாம். வெட்கப்பட்டு “ஊரில் இல்லை” என்று சொல்பவர்கள் உண்டு. மூன்று வருட மருத்துவக் கதையும் அதோடு போய்விடும். சிறை மருத்துவமனைக் குறிப்புகளைத் தரச் சொல்லி உங்கள் தம்பி கண்காணிப்பாளருக்கு எழுதிக் கேட்கலாம். தன் மருத்துவப் பதிவைப் பெறும் உரிமையை 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் தருகிறது. இழுத்தடித்தால் நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் சொல்லுங்கள்.

தினமும் மாத்திரைக்காக அக்காவும் தம்பியும் மல்லுக்கட்டினால் உறவுதான் கெடும். இரண்டு வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒருமுறை போடும் ஊசி இருக்கிறது. அவருக்குச் சரிவருமா என்று கேளுங்கள்.

உங்கள் ஊர்க்காரர் என்பதால் ஒன்று கேட்கிறேன்: ரப்பர் பால் வெட்டப் போகிறாரா? அப்படியானால் டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள். இரவு பத்து மணிக்குத் தூக்கம் வரும் மாத்திரையைப் போட்டுவிட்டு விடிவதற்கு முன் கத்தியும் கையுமாக மலையேற முடியாது. “மாத்திரை ஆளைச் சாய்க்குது” என்று நிறுத்திவிடுவார்கள். அது பொய்க்காரணம் அல்ல. மாத்திரையை மாலையிலேயே போடும்படி நேரத்தை மாற்றலாம், அளவைக் குறைக்கலாம், மருந்தையே மாற்றலாம். அதை டாக்டர்தான் செய்ய வேண்டும்.

குடி விஷயம் நீங்கள் எழுதவில்லை. பழைய கூட்டாளிகள் வரவேற்க வருவார்கள். மூன்று வருடம் தொடாத உடம்பு பழைய அளவைத் தாங்காது. தூக்கம் வரும் மாத்திரையோடு குடியும் சேர்ந்தால் மூச்சே நின்றுபோகலாம். இதை அவரிடம் நேராகவே சொல்லுங்கள்.

ராத்திரியில் நிலைமை மோசமானால் 14416-க்குக் கூப்பிடுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண், தமிழில் பேசலாம். அடிக்க வந்தாலோ, சாகப்போகிறேன் என்றாலோ யோசிக்காமல் 108.