ஸ்டாம்ப் கிளப்பில் என்னதான் செய்வது?

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஈரோடு மாவட்டத்தில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருக்கிறேன். அஞ்சல் துறை மாணவர்களுக்குத் தரும் ஸ்பர்ஷ் உதவித்தொகைக்கு எங்கள் பிள்ளைகளும் விண்ணப்பிக்க வேண்டும், அதற்குப் பள்ளியில் தபால்தலை மன்றம் ஒன்று வேண்டும் என்று சொல்லி, தலைமையாசிரியர் என்னைப் பொறுப்பாளராகப் போட்டுவிட்டார். பதினெட்டுப் பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். "மிஸ், மன்றத்துல என்ன பண்ணணும்?" என்று கேட்கிறார்கள். சேகரிப்பது அவரவர் வீட்டில் தனியாகச் செய்கிற வேலைதானே, அதற்கு எதற்கு மன்றம் என்று எனக்கே புரியவில்லை. சக ஆசிரியர் ஒருவர், கடிதமே எழுதாத காலத்தில் இது பணக்காரர்களின் பழைய பொழுதுபோக்கு என்கிறார். இந்தச் சங்கங்கள் உண்மையில் ஏதாவது செய்திருக்கின்றனவா?

இப்படிக்கு,
ஒரு ஆசிரியை, ஈரோடு மாவட்டம்

அன்புள்ள டீச்சர்,

செய்திருக்கின்றன, நிறையவே செய்திருக்கின்றன. அதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஆரம்பித்தாலே மன்றத்தில் என்ன செய்வது என்பதற்கும் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

ஒட்டுவது, அடுக்குவது, ராத்திரி விளக்குப் போட்டுப் புரட்டிப் பார்ப்பது எல்லாம் தனியாகச் செய்யலாம்தான். ஆனால் கையில் இருப்பது என்ன, அது அசலா, அதில் ஏதாவது விசேஷம் இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் அடுத்தவர் வைத்திருப்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாக வேண்டும். நம்ம நாட்டுத் தபால்தலை ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். 1854-இல் கல்கத்தாவில் அச்சான நாலணாத் தலை, சிவப்புச் சட்டத்துக்குள் நீல நிறத்தில் விக்டோரியா ராணியின் தலை. இரண்டு நிறம் என்பதால் ஒரே தாள் இரண்டு தடவை அச்சுக்குப் போக வேண்டும். அப்படிப் போகும்போது கொஞ்சம் தாள் தலைமாறிப் போய்விட்டது, சட்டம் நேராக இருக்க ராணியின் முகம் தலைகீழாக விழுந்துவிட்டது. அவையும் விற்று, ஒட்டி, முத்திரை குத்தி, ஊர் போய்ச் சேர்ந்தன. இருபது வருடம் கழித்து, 1874-இல், லண்டன் தபால்தலைச் சங்கத்தின் கூட்டத்தில் பெம்பர்டன் என்பவர் எடுத்துச் சொன்னபோதுதான் இப்படி ஒன்று இருப்பதே சேகரிப்பவர்களுக்குத் தெரிந்தது. அதுவரை எத்தனை பேர் ஆல்பத்தில் அது சும்மா ஒட்டிக்கொண்டு கிடந்ததோ! ஒருவர் பார்த்ததைப் பலர் கூடிய இடத்தில் சொன்னார், அங்கிருந்து அது எல்லாருக்கும் தெரிந்த விஷயமானது. சங்கம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

உலகின் முதல் தபால்தலையான பென்னி பிளாக் வந்தது 1840 மே மாதம். அடுத்த இருபது வருடத்தில் சேகரிக்கிற ஆசை பள்ளிப் பிள்ளைகள் முதல் வக்கீல்கள் வரை தொற்றிவிட்டது. பாரிஸில் துய்லரி தோட்டத்திலும், லண்டனில் பிர்ச்சின் லேன் என்ற சந்திலும் தெருவிலேயே நின்று மாற்றிக்கொள்வார்களாம், கூட்டம் சேர்கிறது என்று போலீஸ் வந்து விரட்டும். அதே காலத்தில் லண்டனில் ஸ்டெயின்ஃபோர்த் என்ற பாதிரியார் தன் இடத்தில் சனிக்கிழமை மத்தியானங்களில் சேகரிப்பவர்களைக் கூட்டி உட்காரவைத்தார். அவருடைய சேகரிப்பை ஆதாரமாக வைத்துத்தான் மவுன்ட் பிரவுன் என்பவர் 1862-இல் ஒரு பட்டியல் புத்தகம் போட்டார். எந்த நாடு என்னென்ன தலை வெளியிட்டது என்று பார்க்க ஆங்கிலத்தில் வந்த முதல் சில பட்டியல்களில் அது ஒன்று. அங்கே போய்வந்த சிலரும் சேர்ந்துதான் 1869 ஏப்ரல் 10 அன்று லண்டன் சங்கத்தைத் தொடங்கினார்கள். இன்றும் நடக்கிற சங்கங்களில் மூத்தது அதுதான்.

இதற்கிடையில் 1866-இல் பாரிஸ் மருத்துவர் லெக்ராண், தலையின் ஓரத்துத் துளைகளை அளக்க ஒரு வழி சொன்னார், இரண்டு சென்டிமீட்டரில் எத்தனை துளை என்று எண்ணினால் போதும். இன்றைக்கும் பட்டியல்களில் 13, 14 என்று போட்டிருப்பது அதே கணக்குதான். அது வந்த பிறகு, பாரிஸில் இருப்பவரும் லண்டனில் இருப்பவரும் தலையை நேரில் பார்க்காமலே அதைப் பற்றிக் கடிதத்தில் பேச முடிந்தது. கணக்கு டீச்சரான உங்களுக்கு இது அல்வா மாதிரி. ஒரு ஸ்கேலும் பத்து ஸ்டாம்ப்பும் இருந்தால் ஒரு பீரியட் ஓடிவிடும்.

பணக்காரர்களின் பொழுதுபோக்கா? சங்கங்களில் பணக்காரர்கள் இருந்தார்கள், அரசரே இருந்தார். பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் ஆனவர் 1896 முதல் 1910 வரை லண்டன் சங்கத்தின் தலைவர். 1904-இல் மொரீஷியஸின் ஒரே ஒரு இரண்டு பென்ஸ் தலைக்கு 1,450 பவுண்டு கொடுத்தவர். பத்திரிகைகள் திரும்பத் திரும்ப எழுதுவது இந்தக் கதையைத்தான், எனக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை. சங்கங்களை நூறு வருடத்துக்கு மேல் தாங்கிப் பிடித்தவர்கள் குமாஸ்தாக்களும் வாத்தியார்களும் ரயில்வேக்காரர்களும்தான் என்பது என் எண்ணம். அவர்களுக்குப் பணம் கிடையாது, டூப்ளிகேட், அதாவது ஒரே தலை இரண்டு மூன்று என்று, நிறைய இருந்தது. அதை வைத்து அவர்கள் நடத்தியதுதான் எக்ஸ்சேஞ்ச் பாக்கெட்.

அது எப்படி நடக்கும் என்று விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் மன்றத்துக்கு இதைவிட நல்ல மாதிரி எனக்குத் தெரியாது. ஒவ்வொரு உறுப்பினரும் தன்னிடம் மிஞ்சிய தலைகளை ஒரு மெல்லிய புத்தகத்தில் கட்டம் கட்டமாக ஒட்டி, ஒவ்வொன்றின் கீழும் விலை எழுதிச் செயலாளருக்கு அனுப்புவார். செயலாளர் அப்படி வந்த புத்தகங்களை ஒரு பெட்டியில் போட்டு, யாருக்குப் பின் யார் என்று ஒரு வரிசைப் பட்டியலும் வைத்து முதல் ஆளுக்குத் தபாலில் அனுப்புவார். அவர் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, காலியான கட்டத்தில் தன் கையெழுத்தையோ ரப்பர் முத்திரையையோ போட்டு, எடுத்ததற்குக் கணக்கு எழுதிப் பணத்தைச் செயலாளருக்கு அனுப்பிவிட்டு, பெட்டியை அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். பெட்டி ஊர் ஊராகச் சுற்றித் திரும்பி வந்ததும் செயலாளர் உட்கார்ந்து கணக்குப் பார்த்து, சங்கத்துக்குச் சிறு கழிவு போக மீதியை அவரவருக்குப் பட்டுவாடா செய்வார். பெட்டி வந்ததும் ஒவ்வொருவரும் முதலில் பார்க்க வேண்டியது, கையெழுத்தில்லாத வெறும் கட்டம் எங்காவது இருக்கிறதா என்பதை. இருந்தால் உடனே செயலாளருக்கு எழுத வேண்டும். எழுதாமல் அடுத்தவருக்கு அனுப்பினால் அந்த நஷ்டம் உங்கள் தலையில்தான் விழும்.

அப்படிப்பட்ட புத்தகம் ஒன்று சென்னையில் ஒரு பழைய புத்தகக் கடையில் எனக்குக் கிடைத்தது. தலைகள் பெரும்பாலும் போய்விட்டன, கட்டங்கள்தான் மிச்சம். ஊதா முத்திரை, பச்சை மையில் கிறுக்கல், பென்சிலில் இரண்டெழுத்து இனிஷியல் என்று ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு ஆள். ஒரு கட்டத்தில் மட்டும் தலை இருக்கிறது, அதன் பக்கத்தில் பென்சிலில் பொடி எழுத்தில் 'நான் வைத்தது இது இல்லை' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. நல்ல தலையை எடுத்துக்கொண்டு அதே ஜாதியில் கிழிசல் ஒன்றை யாரோ வைத்துவிட்டார்கள். இது எல்லாச் சங்கங்களையும் படுத்திய திருட்டு. அதற்குப் பயந்து அவர்கள் பெட்டியை நிறுத்திவிடவில்லை, விதியை இறுக்கினார்கள், மாட்டியவரை நீக்கினார்கள், பெட்டி மறுபடி சுற்றியது. முகம் தெரியாத ஒருவரை நம்பித் தன் பொருளை அனுப்புவது, அதற்கு எழுத்தில் ஒரு முறை வைத்துக்கொள்வது, இதைப் பன்னிரண்டு வயதில் ஒரு பிள்ளை கற்றுக்கொண்டால் நான் மிகவும் சந்தோஷப்படுவேன்.

போலிகள் விஷயத்திலும் சங்கங்கள்தான் காவல். ஜெனீவாவில் ஃபூர்னியே என்று ஒருவர், அரிய தலைகளின் நகல்களை அச்சடித்துப் பட்டியல் போட்டு வெளிப்படையாகவே விற்றார். நகல் என்று சொல்லித்தான் அவர் விற்றார், ஆனால் வாங்கியவர்கள் அடுத்தவரிடம் அப்படிச் சொல்லி விற்கவில்லை. 1917-இல் அவர் இறந்தார். மிச்சமிருந்த சரக்கு மறுபடி சந்தைக்குள் போய்விடாமல் இருக்க, ஜெனீவா தபால்தலைச் சங்கம் பின்னாளில் மொத்தத்தையும் விலை கொடுத்து வாங்கியது. அதிலிருந்து மாதிரிகளை எடுத்துப் போலி என்று முத்திரையிட்டு, 1928-இல் சுமார் 480 ஆல்பங்கள் தயாரித்தார்கள். மீதியை அழித்துவிட்டார்கள். கையில் இருப்பது ஃபூர்னியே போலியா என்று பார்க்க இன்றும் நிபுணர்கள் அந்த ஆல்பத்தைத்தான் புரட்டுகிறார்கள். ஒரு ஊர்ச் சங்கம் செய்த காரியம் இது! லண்டன் சங்கமோ 1894-லேயே தலைகளைப் பரிசோதித்துச் சான்று தர ஒரு நிபுணர் குழு அமைத்துவிட்டது.

தோற்ற கதையும் உண்டு, அதையும் பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்லுங்கள். நியூயார்க்கில் சீபெக் என்ற அச்சக அதிபர் எல் சால்வடோர், ஹோண்டுராஸ், நிகரகுவா, ஈக்வடார் அரசுகளோடு ஓர் ஒப்பந்தம் போட்டார். வருடா வருடம் புதுத் தலைகளை இலவசமாக அச்சடித்துத் தருவார், வருடம் முடிந்ததும் விற்காத மிச்சம் அவருக்கு, அதே அச்சில் மேலும் அடித்துச் சேகரிப்பவர்களிடம் விற்கும் உரிமையும் அவருக்கு. தபாலுக்காக இல்லாமல் ஆல்பத்துக்காகவே தலை அச்சடிப்பது. இதை எதிர்க்க 1895-இல் லண்டனில் ஒரு தனிச் சங்கமே தொடங்கி, இன்னின்ன தலைகளை வாங்காதீர்கள், விற்காதீர்கள் என்று அறிக்கை விட்டார்கள். எடுபடவில்லை. வியாபாரிகளுக்கு லாபம் இருந்தது, சேகரிப்பவர்களுக்கு ஆல்பத்தில் காலிக் கட்டம் பொறுக்கவில்லை, சில வருடங்களில் அந்தச் சங்கம் அடங்கிப்போனது. இன்றைக்கும் கடையில் பாக்கெட் பாக்கெட்டாகப் பளபளவென்று கார், டைனோசர், கால்பந்து வீரர் என்று கிடைப்பதில் நிறைய அந்த வகைதான். எந்த உறையிலும் ஒட்டாமல், அச்சகத்திலேயே முத்திரை குத்தி வந்தவை. பிள்ளைகள் முதலில் ஆசைப்படுவது அதைத்தான். வாங்காதே என்று தடுக்க வேண்டாம், உறையோடு வந்த ஒரு சாதாரணத் தலையைப் பக்கத்தில் வைத்து இரண்டு முத்திரையையும் பார்க்கச் சொல்லுங்கள், அவர்களே சொல்லிவிடுவார்கள்.

நம் நாட்டில் 1897-இல் கல்கத்தாவில் இந்தியத் தபால்தலைச் சங்கம் தொடங்கியது. தலைவர் ஸ்டூவர்ட்-வில்சன், பின்னாளில் அஞ்சல் துறையின் தலைமை இயக்குநரே ஆனவர். அதே வருடம் ஒரு பத்திரிகையும் தொடங்கினார்கள். அதற்கான தேவை இங்கே மற்ற நாடுகளைவிட அதிகம், ஏனென்றால் சமஸ்தானங்கள் தனித்தனியாகத் தலை வெளியிட்டன. 1866-இல் தொடங்கிய ஜம்மு காஷ்மீர் தலைகளை ஒவ்வொன்றாகக் கையாலேயே அச்சிட்டார்கள், சிலவற்றுக்கு நீர்வண்ணம், சிலவற்றுக்கு எண்ணெய் வண்ணம், அதற்குள் போலிகள் வேறு கலந்துவிட்டன. லாகூரில் இருந்த மாசன் என்பவர் இந்தச் சிக்கலை வருடக்கணக்கில் பிரித்து எடுத்து எழுதியதை அந்தச் சங்கம்தான் புத்தகமாகப் போட்டது. ஆனால் அந்த அறிவெல்லாம் பெரும்பாலும் ஆங்கிலேய அதிகாரிகளுக்குள்ளும் ஆங்கிலத்துக்குள்ளும் நின்றுவிட்டது என்பதில் எனக்கு நிஜமாகவே வருத்தம் உண்டு. சென்னையில் 1956 முதல் தென்னிந்தியத் தபால்தலைச் சங்கம் நடக்கிறது, அங்கே எவ்வளவோ தெரிந்த பெரியவர்கள் இருக்கிறார்கள், தமிழில் எழுதி வைத்ததுதான் குறைவு.

சரி, உங்கள் மன்றத்துக்கு வருகிறேன். ஸ்பர்ஷில் 6 முதல் 9-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருடம் 6,000 ரூபாய் என்பது நல்ல தொகைதான், ஆனால் பதினெட்டுப் பேரில் எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் கிடைக்காதவர்களும் விரும்பி வருகிற மாதிரி மன்றம் இருக்கட்டும். முதல் கூட்டத்துக்கு எதுவும் வாங்க வேண்டாம், வீட்டில் கிடக்கும் பழைய உறைகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். முத்திரையில் ஊரும் தேதியும் தெளிவாக இருந்தால் உறையை அப்படியே முழுசாக வைத்துக்கொள்ள வேண்டும். மற்றவற்றில் தலையைச் சுற்றி ஒரு விரற்கடை விட்டு வெட்டி, தட்டில் பச்சைத் தண்ணீரில் படம் மேலே இருக்கும்படி மிதக்கவிட்டால் கொஞ்ச நேரத்தில் பசை இளகித் தானே கழன்றுவிடும், பிய்க்கவே கூடாது. சாயம் போகிற கலர் உறை என்றால் தனித் தட்டு. அச்சில்லாத வெள்ளைத் தாளில் கவிழ்த்து உலர்த்தி, அப்புறம் கனமான புத்தகத்துக்குள் ஒரு நாள் வைத்தால் சுருக்கம் போய்விடும்.

இரண்டாவது கூட்டத்தில் பழைய கணக்கு நோட்டில் கட்டம் போட்டு எக்ஸ்சேஞ்சைத் தொடங்கிவிடலாம். காசு வேண்டாம், ஒன்றுக்கு ஒன்று. எடுத்தவர் கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும், நோட்டு ஒரு வாரத்துக்கு மேல் ஒருவர் வீட்டில் தங்கக் கூடாது. கூடவே ஒரு குறிப்பேடு, தமிழில். யார் எந்தத் தலையைக் காட்டினார், அது எந்த வருடத்தியது, அதில் என்ன கவனித்தார் என்று பிள்ளைகளே மாறி மாறி எழுதட்டும். அதில் ஒரு பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினால் இங்கே வெளியிடுகிறேன், துளைக் கணக்கையும் மறக்காமல் எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்