நேர்காணல் மெயில் ஏன் ஸ்பேமுக்குப் போனது?

கேள்வி: எம்.காம். முடித்துவிட்டு வேலை தேடுகிறேன். ஒரு வேலைவாய்ப்புத் தளத்தில் பதிந்திருந்தேன். அங்கிருந்து வந்த நேர்காணல் அழைப்பு ஜிமெயில் ஸ்பேமில் கிடந்திருக்கிறது. தேதி முடிந்து நான்கு நாள் கழித்துத்தான் பார்த்தேன். அதே தளம் தினமும் ஏழெட்டு விளம்பர மெயில் அனுப்பும். தொல்லை தாங்காமல் எல்லாவற்றையும் ஸ்பேம் என்று தள்ளிவிடுவேன். இனி முக்கியமான மெயில் தவறாமல் இருக்க என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் எழுதியதில் கடைசிக்கு முந்தைய வரியை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். பெரும்பாலும் காரணம் அதுதான்.

‘ரிப்போர்ட் ஸ்பேம்’ பொத்தானைப் பலரும் குப்பைத்தொட்டி மாதிரி பயன்படுத்துகிறார்கள். ஜிமெயிலுக்கு அது ஒரு புகார். ‘இந்த முகவரியிலிருந்து வருவது எனக்கு வேண்டாத சரக்கு’ என்று நீங்கள் தினமும் ஏழெட்டு முறை சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள். அது விளம்பரம், இது அழைப்பு என்று ஜிமெயிலின் ஸ்பேம் ஃபில்டர் உங்களைப் போலப் பிரித்துப் படிப்பதில்லை. அனுப்பியவர் யார், எந்த டொமைன் (முகவரியில் @ குறிக்குப் பின்னால் வருவது), இதற்கு முன் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதையும் சேர்த்துத்தான் எடைபோடுகிறது.

உங்கள் புகார் உங்கள் பெட்டியோடு நிற்பதும் இல்லை. மொத்தமாக மெயில் அனுப்புபவர்களுக்கு 2024 பிப்ரவரியில் கூகுள் கொண்டுவந்த விதிப்படி, ஸ்பேம் புகார் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. அதாவது ஆயிரம் மெயிலுக்கு மூன்று பேர். அவ்வளவு வலுவான பொத்தான் அது. மோசடிக்காரன்மேல் தாராளமாகப் பிரயோகியுங்கள். நாமே பதிந்துவிட்டு, அலுத்துப்போன இடத்துக்கு அது வேண்டாம்.

அலுத்துப்போனதற்கு ‘அன்சப்ஸ்கிரைப்’ இருக்கிறது. மெயிலைத் திறந்தால் அனுப்பியவர் பெயருக்குப் பக்கத்தில் ஜிமெயிலே அதைக் காட்டும். அதே விதியின்படி, ஒரு நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புபவர்கள் விளம்பர மெயிலில் ஒரே கிளிக்கில் விலகும் வசதி தரவேண்டும். இரண்டு நாளுக்குள் நிறுத்தவும் வேண்டும். அதைவிட நல்ல வழி, தளத்துக்குள் போய் செட்டிங்ஸில் தினசரி அறிவிப்பை மட்டும் நிறுத்துவது. அழைப்புகள் தொடர்ந்து வரும். ஆனால் முன்பின் தெரியாத மெயிலுக்குள் இருக்கும் அன்சப்ஸ்கிரைப் லிங்க்கைத் தொடாதீர்கள். ‘இந்த முகவரியில் ஆள் இருக்கிறது’ என்று நீங்களே காட்டிக்கொடுத்ததாகிவிடும்.

‘பிளாக்’ செய்தாலும் மெயில் வராமல் போகாது. நேராக ஸ்பேமில் போய் விழும், அவ்வளவுதான்.

சரி, இதுவரை சொல்லிக்கொடுத்ததை எப்படி மாற்றுவது? முதலில் அந்த அழைப்பைத் திறந்து ‘நாட் ஸ்பேம்’ அமுக்குங்கள். ஆனால் பல நாள் புகாரை ஒரு கிளிக் அழித்துவிடாது. அதனால் ஒரு ஃபில்டரும், அதாவது இந்த முகவரியிலிருந்து வரும் மெயிலை என்ன செய்யவேண்டும் என்று நீங்களே வைக்கும் விதியும், போட்டுவிடுங்கள். இதற்கு மொபைல் ஆப் உதவாது. கம்ப்யூட்டரில் பிரவுசர் வழியாகத் திறக்கவேண்டும். தேடல் பெட்டியின் வலது ஓரத்தில் இருக்கும் குறியை அமுக்கி, ‘ஃப்ரம்’ என்ற இடத்தில் அந்தத் தளத்தின் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வருவதை மட்டும் போடுங்கள். ‘கிரியேட் ஃபில்டர்’ கொடுத்து, ‘நெவர் செண்ட் இட் டு ஸ்பேம்’ என்பதை டிக் செய்தால் முடிந்தது.

அப்புறம், வேலை தேடும் காலத்தில் இரண்டு நாளைக்கு ஒருமுறையாவது ஸ்பேமை எட்டிப்பாருங்கள். சாதாரணமாகத் தேடினால் ஸ்பேமில் உள்ளது வராது; அதே குறியை அமுக்கி, தேடும் இடத்தை ‘மெயில் & ஸ்பேம் & டிராஷ்’ என்று மாற்றினால்தான் வரும். அங்கே தெரிந்த பெயரைப் பார்த்ததும் அவசரப்பட்டு வெளியே எடுக்கவும் வேண்டாம். பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். பெயரை அமுக்கி முழு முகவரியைப் பாருங்கள். நேர்காணலுக்கு முன்பணம் கேட்கும் மெயில் அங்கேயே கிடக்கட்டும். அது சரியான இடத்தில்தான் இருக்கிறது.

தவறிப்போன அழைப்பை இன்றைக்கே இன்பாக்ஸுக்கு மாற்றிவிடுங்கள். ஸ்பேமில் இருப்பதை 30 நாளில் ஜிமெயில் அழித்துவிடும். மாற்றிய கையோடு, தாமதமாகத்தான் பார்த்தேன், வேறு தேதி கிடைக்குமா என்று இரண்டு வரி பதில் போடுங்கள். நான்கு நாள்தானே ஆகியிருக்கிறது, கேட்டுப்பார்க்கலாம்.