காய்ச்சல் நின்றதும் மாத்திரையும் நிற்கலாமா?

"என் வீட்டுக்காரருக்கு ஆடியில் மலேரியா வந்து மூன்றே நாளில் சரியானது. இப்போது கார்த்திகையில் மறுபடியும் அதே நடுக்கம். மருந்து கேட்கவில்லையா, டாக்டர்?" (வாசகி, ராயபுரம்)

முதலில் நான் ஒன்று கேட்கிறேன். 14 நாள் மாத்திரையை அவர் முடித்தாரா? சென்னையில் நாங்கள் அதிகம் பார்ப்பது வைவாக்ஸ் என்ற வகை மலேரியா. குளோரோகுயினை மூன்று நாள் போட்டால் ரத்தத்தில் உள்ள கிருமி செத்துவிடும், ஜுரமும் விட்டுவிடும். ஆனால் வைவாக்ஸில் ஒரு பகுதி கல்லீரலுக்குள் தூங்கிக்கொண்டிருக்கும். மாதக்கணக்கில் தூங்கிவிட்டு எழுந்து வரும். அதை ஒழிக்கத்தான் பிரைமாகுயின் என்ற அந்த 14 நாள் மாத்திரை. இப்படித் திரும்பி வந்த கட்டிடத் தொழிலாளி ஒருவர், சட்டைப்பையிலிருந்து கசங்கிய அட்டையை எடுத்து நீட்டினார். ஒன்பது மாத்திரை அப்படியே இருந்தது. "அதான் ஜுரம் விட்டுப்போச்சே டாக்டர்!"

இது புதுக் கொசுக்கடியாகவும் இருக்கலாம். சாதாரண ரத்தப் பரிசோதனையில் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. எதுவானாலும் இந்த முறை 14 நாளும் விடாமல் போட வேண்டும். அதற்காகப் பக்கத்து வீட்டில் மிச்சமிருப்பதை வாங்கிப் போட்டுவிடாதீர்கள். ஜி-6-பி-டி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு இந்த மருந்து சிவப்பணுக்களை உடைத்துவிடும். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகும். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் தருவதே இல்லை.

"மகன் வேலைக்காக நைஜீரியா போகிறான். குளோரோகுயின் வாங்கிக் கொடுத்தனுப்பலாமா?" (வாசகர், மாம்பலம்)

வேண்டாம். அங்கே பரவுவது பெரும்பாலும் ஃபால்சிபாரம். உயிருக்கே உலை வைக்கும் வகை. 1950களின் கடைசியில் தாய்லாந்து–கம்போடியா எல்லையில் குளோரோகுயினுக்கு மசியாமல் போன கிருமி அது. 1973இல் நம் அசாமிலும் தென்பட்டது. டாக்டரைப் பார்த்துவிட்டு டாக்சிசைக்ளின் போன்ற தடுப்பு மருந்தோடு போகட்டும். புறப்படுவதற்கு ஓரிரு நாள் முன்பே தொடங்கி, திரும்பி வந்த பிறகும் நான்கு வாரம் தினமும் போட வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கிவிட்டு உடனே படுக்கக் கூடாது, உணவுக்குழாய் புண்ணாகிவிடும். ஊர் திரும்பியபின் ஜுரம் வந்தால், "நைஜீரியாவிலிருந்து வந்தேன்" என்பதை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லச் சொல்லுங்கள்.

"நிலவேம்புக் கஷாயம் போதாதா?" (வாசகி, மயிலாப்பூர்)

போதாது. மூலிகையை நான் மட்டம் தட்டவில்லை. கொயினா (குயினைன்) என்ற மலேரியா மருந்தே சின்கோனா மரப்பட்டையிலிருந்து வந்ததுதான். நீலகிரி நடுவட்டத்தில் அந்த மரத்தைத் தோட்டமாகவே வளர்த்தார்கள். ஆர்டிமிசினின் என்ற மலேரியா மருந்தைச் சீன மூலிகையிலிருந்து பிரித்தெடுத்த டூ யூயூவுக்கு 2015இல் நோபல் பரிசே கிடைத்தது. ஆனால் மலேரியா என்று ரத்தப் பரிசோதனை சொன்னபின் அளந்து கொடுக்கும் மாத்திரைதான் காப்பாற்றும்.

"எங்கள் தெருவில் சாக்கடையே இல்லையே, கொசு எங்கிருந்து வருகிறது?" (வாசகர், வியாசர்பாடி)

மொட்டைமாடிக்கு ஏறிப் பாருங்கள். நகரத்தில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலஸ் ஸ்டீபன்சி, சாக்கடையை விட்டுவிட்டு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். டேங்க் மூடி லேசாக விலகியிருந்தாலே அதற்குப் போதும். தண்ணீர் வழியும் குழாயின் வாயிலும் வலைத்துணி கட்டுங்கள்; அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.