‘நீங்கள் என்ன செய்கிறீர்கள்?’ – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். சிங்கப்பூரில் வேலை செய்யும் என் நண்பன், வரும் சனிக்கிழமை இரவு 9 மணிக்கு இணையத்தில் நடக்கவிருக்கும் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற, ஆளுக்கொரு பாத்திரமேற்றுக் கதையாக ஆடும் ஆட்டத்தில் சேரச் சொல்கிறான். நடத்துபவரைத் தவிர நாங்கள் நால்வருமே புதியவர்கள். விதிநூலைத் திறந்தால் 300 பக்கங்களுக்கு மேல் ஆங்கிலமாக இருக்கிறது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்து, இடைநிலைப்பள்ளியோடு வேலைக்குப் போனவன் நான். மந்திரவாதிபோல் பேசி நடிக்கவும் கூச்சம். என்னால் மற்றவர்களின் ஆட்டம் கெட்டுவிடுமோ என்று தயங்குகிறேன். நீங்கள் இதை ஆடுவதாக முன்பு எழுதியிருந்தீர்கள். சேரலாமா?

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகன்

அன்புள்ள தம்பி,

சேருங்கள். நால்வரும் புதியவர்கள் என்பதைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கோ அதுதான் நல்ல வாய்ப்பாகத் தெரிகிறது. விதிகளைக் கரைத்துக் குடித்தவர்களுக்கு நடுவே ஒரு புதியவர் வந்து சேர்ந்தால், அவருக்காக அவர்களே முடிவெடுத்துவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி 1974இல் வெளிவந்த இந்த ஆட்டத்தின் அடிப்படை எளிது. ஆட்டத்தை நடத்துபவரான டஞ்சன் மாஸ்டர் ஒரு சூழலை விவரித்து, ‘நீங்கள் என்ன செய்கிறீர்கள்?’ என்று கேட்பார், நீங்கள் சொல்வீர்கள், அது நடக்குமா நடக்காதா என்ற ஐயம் இருந்தால் மட்டும் இருபது முகப் பகடையை உருட்டி, உங்கள் பாத்திரத்தின் திறனுக்குரிய எண்ணைக் கூட்டி, இலக்கை எட்டியதா என்று பார்ப்பீர்கள். அந்த 300 பக்கங்களில் கணிசமான பகுதி மந்திரங்களின் விளக்கம். முதல் நிலைப் போர்வீரனாகத் தொடங்கினால் அந்தப் பக்கங்களைப் புரட்டவே வேண்டியதில்லை.

எங்கள் குழுவில் பீடோர் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஓர் இளைஞர் சேர்ந்தார். முதல் ஒரு மணி நேரம் அவர் வாயே திறக்கவில்லை. பாலத்தை மறித்து நின்ற பூதத்தின் முன்னால் அவருடைய முறை வந்தபோது, நடத்துபவர் கேள்வியைக் கேட்டுவிட்டு அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். அந்த இளைஞர் வீட்டுத் தகரக் கூரையில் மழை கொட்டும் ஓசை மட்டும் எங்களுக்குக் கேட்டது. பிறகு அவர், ‘சாப்பிட்டாச்சா என்று பூதத்திடம் கேட்கிறேன்’ என்றார். வாளை உருவி நின்ற எங்களில் ஒருவருக்கும் அந்த வழி தோன்றவில்லை. பகடையில் 14, கவர்ச்சித் திறனுக்கு 2, கூட்டினால் 16, வேண்டியது 15. பூதம் தடியைக் கீழே வைத்தது. அன்றிரவு மிச்சக் கதை முழுவதும் அதன் பசியைத் தொடர்ந்தே போனது. அவர் குரலை மாற்றவில்லை, நடிக்கவில்லை. வாசலுக்கு யார் வந்தாலும் நம் வீடுகளில் கேட்பதைக் கேட்டார். ‘என் பாத்திரம் இதைச் செய்கிறது’ என்று சொல்லிவிட்டுப் போவதும் முறையான ஆட்டமே.

ஆங்கிலத்துக்கு அஞ்ச வேண்டாம். 2023 ஜனவரியில் இந்த ஆட்டத்தை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் அடிப்படை விதித்தொகுப்பைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டதால், மூலத்தைக் குறிப்பிட்டு எவரும் அதை மொழிபெயர்க்கலாம். வலிமை, லாவகம், தாங்குதிறன், அறிவு, விவேகம், கவர்ச்சி என்று ஆறு திறன்களையும் தமிழில் எழுதிய ஒருபக்கப் பாத்திரத் தாள் எங்களிடம் உண்டு.

விதி தெரியாததால் ஆட்டம் கெட்டதை நான் கண்டதில்லை. பிறர் பேசும்போது கேளாமல் போவதால்தான் கெடுகிறது. ஆகவே கதை தொடங்குமுன் ‘செஷன் ஸீரோ’ என்ற சந்திப்பு ஒன்றை வைக்கும்படி நடத்துபவரிடம் கேளுங்கள். எங்கள் சந்திப்பில் ஒருவர், பால்மரக் காட்டில் தம் தந்தையைப் பாம்பு கடித்ததைச் சொல்லி, கதையில் பாம்பு வேண்டாம் என்றார். ராட்சதப் பாம்பு வரவிருந்த இடத்தில் தேள் வந்தது. கதைக்கு ஒரு குறையும் நேரவில்லை. இணைப்பு அறுந்துபோனால் உங்கள் பாத்திரத்தை யார் பார்த்துக்கொள்வது என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். நான் அதைச் செய்யாததால், செம்பனைக்கு நடுவே அலைவரிசை தேடிக் கொல்லையில் நின்றிருந்த பத்து நிமிடத்தில் என் முதல் பாத்திரம் எலும்புக்கூடுகளிடம் சிக்கி மாண்டது. அந்த வருத்தம் இன்னும் எனக்கு இருக்கிறது.

சனிக்கிழமை இரவு 8.30 மணிக்கே டிஸ்கார்ட் அரட்டைச் செயலியில் நுழைந்து மைக்கைச் சோதித்துக்கொள்ளுங்கள். அதற்குள் உங்கள் போர்வீரனுக்கு ஒரு பெயர் வைத்து எனக்கு எழுதுங்கள். தாளின் தலைப்பில் அதைத் தமிழில் எழுதியே அனுப்பி வைக்கிறேன்.

அன்புடன்.