கேளுங்கள், சொல்கிறேன்: ஓடை நீருக்கு எந்த நுண்ணுயிர்?

கேள்வி: ஐயா, எங்கள் லயத்துக்குப் பின்னால் ஓடும் ஓடை சில நாள்களில் காப்பி நிறத்தில் வருகிறது, மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மேலே மிதக்கின்றன. மேலே ஒரு செம்பனை ஆலை இருக்கிறது. உயிருள்ள பாக்டீரியாவை வைத்தே மாசை உடனே அளந்துவிடலாம் என்கிறான் என் மகன். உண்மையா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: உண்மைதான் அம்மா. எந்தப் பாக்டீரியா என்று மகனிடம் கேட்டீர்களா?

அவர் படித்தது பெரும்பாலும் அலிவிப்ரியோ ஃபிஷெரியைப் பற்றியதாக இருக்கும். தானே ஒளிரும் கடல் பாக்டீரியா அது. சோதிக்கும் நீரில் உப்புச் சேர்த்து (கடல்வாசி ஆயிற்றே), 15 டிகிரி குளிர்ச்சியில் இதைக் கலந்தால், 15 அல்லது 30 நிமிடங்களில் ஒளி எவ்வளவு மங்கியது என்று கருவி காட்டிவிடும். மங்கினால் நஞ்சு இருக்கிறது. என்ன நஞ்சு என்று மட்டும் கேட்காதீர்கள். குழாய்நீரில் மிஞ்சிய குளோரினுக்குக்கூட அது மங்கும்.

உங்கள் ஓடைக்கு இது சரிவராது. காப்பி நிற நீர் தானே ஒளியை விழுங்கிவிடும். அதோடு, ஆலைக்கழிவு மீனைக் கொல்வது பெரும்பாலும் நஞ்சால் அல்ல, மூச்சுத்திணறலால். கழிவைத் தின்னும் கிருமிகள் நீரிலுள்ள ஆக்சிஜனைக் காலிசெய்துவிடுகின்றன. அந்த ஆக்சிஜன் பசியின் அளவுதான் பி.ஓ.டி. (உயிர்வேதி ஆக்சிஜன் தேவை). சுத்திகரிக்காத ஆலைக்கழிவில் அது லிட்டருக்கு ஏறத்தாழ 25,000 மில்லிகிராம். நம் மலேசியாவில் 30 டிகிரியில் மூன்று நாள் வைத்து அளக்கிறோம். நான் ஆலை ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது திங்களன்று வைத்த புட்டிக்கு வியாழனன்றுதான் விடை. அதற்குள் அந்த நீர் பேராக் ஆற்றில் கலந்திருக்கும்.

இதற்கு ஏற்றது வேறொரு கருவி. ஆக்சிஜன் மின்முனையின் மேல் ஒரு சவ்வு, அதில் உயிருள்ள ஈஸ்ட். கழிவு பட்டதும் ஈஸ்ட் தின்னத் தொடங்கும். மின்முனையை எட்டும் ஆக்சிஜன் குறையும். இருபது நிமிடத்துக்குள் கணக்கு வந்துவிடும். ஜப்பானில் காருபே என்ற ஆய்வாளரின் குழுவினர் 1977-இல் தொடங்கிய வேலை இது; 1990-இல் அந்நாட்டுத் தரமுறையாகவே ஆனது. சர்க்கரையை உடனே தின்னும் ஈஸ்ட், எண்ணெயையும் நாரையும் அவ்வளவு வேகமாகத் தின்னாது. ஆகவே எச்சரிக்கை மணியாக நம்பலாம். மூன்று நாள் புட்டிக்கு மாற்றாக நான் ஏற்கமாட்டேன்.

மகனிடம் இதைச் சொல்லுங்கள்: எந்த முறையில் சோதித்தாலும், கழிவு கலக்கும் இடத்துக்கு மேலே ஒரு புட்டி, கீழே ஒரு புட்டி, இரண்டும் ஒரே நேரத்தில், காற்றுக்குமிழி இல்லாமல் விளிம்புவரை நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே கொடுக்க வேண்டும்.