பச்சை விளக்கு நாலு முறை மின்னுகிறது, பாட்டு சர்வர் எழவில்லை: எங்கிருந்து தொடங்குவது?

குளச்சலிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “ராஸ்பெர்ரி பை 4 என்ற கையடக்கக் கணினி ஒன்றை வீட்டில் பாட்டு சர்வராக வைத்திருக்கிறேன். மேலே டிஜிட்டல் பாட்டை ஒலியாக மாற்றித் தரும் ஒரு டி.ஏ.சி. போர்டு, யூ.எஸ்.பி.யில் 1 டி.பி. ஹார்ட் டிஸ்க். அதில் ஓடும் பாட்டு மென்பொருள் லிரியன் மியூசிக் சர்வர். அப்பா சேர்த்து வைத்த வில்லுப்பாட்டு கேசட்டுகளை மாற்றி அதில்தான் போட்டிருக்கிறேன். போன வாரம் இடிமழையில் கரண்ட் போய்ப் போய் வந்தது. அதற்குப் பிறகு சர்வர் எழவே இல்லை. சிவப்பு விளக்கு நின்று எரிகிறது. பச்சை விளக்கு நாலு முறை மின்னி நிற்கிறது, பிறகு மறுபடி நாலு முறை. கரண்ட் கொடுப்பது பழைய போன் சார்ஜர். போர்டு போய்விட்டதா? பாட்டெல்லாம் போய்விட்டதா? புதிதாக வாங்க வேண்டுமா?”

போர்டு உயிரோடுதான் இருக்கிறது. அந்த நாலு மின்னலே அதற்குச் சாட்சி. பை 4-இல் முதலில் கண்விழிக்கும் பூட்லோடர் நிரல், இயங்குதளம் இருக்கும் மெமரி கார்டில் இல்லை, போர்டில் உள்ள ஒரு சிப்பில் இருக்கிறது. அது எழுந்து, கார்டைத் தேடிப் போய், ‘ஸ்டார்ட்4.எல்ஃப்’ என்ற கோப்பு கிடைக்காமல் திரும்பி வந்து உங்களிடம் சொல்வதுதான் நாலு குறு மின்னல். பாட்டுகள் இருப்பது ஹார்ட் டிஸ்க்கில், பழுது தெரிவது கார்டுப் பக்கத்தில். ஆகவே பாட்டுகளுக்கு ஆபத்து இருக்க வாய்ப்பு குறைவு. இருந்தாலும் இந்தக் கணமே ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிடுங்கள். அரைகுறை மின்சாரத்தில் திரும்பத் திரும்பச் சுழன்று நிற்பது அதற்கு நல்லதல்ல.

வேறு எண்ணிக்கையில் மின்னுகிறவர்களுக்காக: மூன்று குறு மின்னல் என்றால் எழ முடியவில்லை என்ற பொதுச் செய்தி. ஏழு என்றால் இயங்குதளத்தின் மையமான கெர்னல் கோப்பு இல்லை. எட்டு என்றால் ரேம் பழுது, அதற்கு வீட்டில் வைத்தியம் இல்லை. பச்சை விளக்கு ஒழுங்கில்லாமல் மின்னிக்கொண்டே இருந்து, சர்வர் மட்டும் போனில் தெரியவில்லை என்றால் அநேகமாக பை எழுந்துவிட்டது, ரூட்டர் அதற்கு வேறு ஐ.பி. முகவரி கொடுத்திருக்கிறது. ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் புது முகவரியைப் பார்த்து, பிரவுசரில் அதன் பின்னால் :9000 என்று சேர்த்துத் திறந்தாலே போதும்.

இனி உங்கள் பைக்கு வருவோம். கரண்டை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் கழற்றுங்கள்: ஹார்ட் டிஸ்க், லேன் கேபிள், டி.ஏ.சி. போர்டு. டி.ஏ.சி.யை ஒரு பக்கமாக நெம்பாமல் நாலு மூலையையும் கொஞ்சம் கொஞ்சமாக நேர்மேலாகத் தூக்குங்கள். நெம்பினால் முனைப் பின்கள் வளையும். வெறும் போர்டும் கார்டும் மட்டும் மிஞ்சட்டும்.

பலரும் இந்த இடத்தில் புதுக் கார்டு வாங்கி, மென்பொருளை மறுபடி ஏற்றி, பாட்டு ஓடியதும் நிம்மதியாகிவிடுகிறார்கள். அடுத்த மழைக்கு அதே கதை. கார்டு கெட்டது விளைவு, காரணம் பெரும்பாலும் மின்சாரம். அதனால் முதலில் சார்ஜரைச் சோதிக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன்.

பை 4-க்கு வேண்டியது 5.1 வோல்ட், 3 ஆம்பியர். 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் போர்டு அதைக் குறைமின்னழுத்தம் என்று கணக்கெடுக்கிறது, சிவப்பு விளக்கும் அணைந்து எரியும். பழைய போன் சார்ஜர்கள் பல 5 வோல்ட், 2 ஆம்பியரோடு சரி. ‘33 வாட்’, ‘65 வாட்’ என்று அச்சிட்ட வேகச் சார்ஜரும் இங்கே உதவாது. போன் சார்ஜரோடு பேசிக் கேட்டால்தான் அது அதிக வோல்ட் தரும். பை 4 அப்படிக் கேட்காது, எனவே 5 வோல்ட்டில் அந்தச் சார்ஜர் எவ்வளவு ஆம்பியர் தரும் என்பது மட்டுமே கணக்கு. கேபிளும் குற்றவாளியாக இருக்கலாம். போகவரச் சேர்த்து 0.2 ஓம் தடை உள்ள மெல்லிய கேபிளில் 2.5 ஆம்பியர் ஓடினால் 0.5 வோல்ட் கேபிளிலேயே கரைந்துவிடும். அடாப்டரில் 5.1 இருந்தாலும் போர்டுக்குச் சேர்வது 4.6.

மல்டிமீட்டர் இருந்தால் அளந்தே பார்க்கலாம். 40 பின்கள் இரண்டு வரிசையாக நிற்கின்றன அல்லவா? அதில் போர்டின் விளிம்பை ஒட்டிய வெளிவரிசையை எடுங்கள். மெமரி கார்டு பக்கத்திலிருந்து எண்ணினால் முதல் இரண்டும் 5 வோல்ட், மூன்றாவது கிரவுண்ட். மீட்டர் முனையை நேராகப் பின்னில் வைக்காதீர்கள். 5 வோல்ட் பின்னுக்கு எதிரே உள்வரிசையில் நிற்பது 3.3 வோல்ட் பின். முனை வழுக்கி இரண்டையும் தொட்டுவிட்டால் அந்த நொடியில் உண்மையாகவே போர்டு போய்விடும். கரண்ட் இல்லாதபோதே வெளிவரிசையின் முதல் பின்னிலும் மூன்றாவது பின்னிலும் இரண்டு ஜம்பர் ஒயர்களைச் செருகிவிட்டு, அவற்றின் மறுமுனைகளில் மீட்டரை மாட்டி, 20 வோல்ட் டி.சி. அளவில் வைத்து, அதன்பிறகு சுவிட்சைப் போடுங்கள். 4.9-க்கு மேல் அசையாமல் நின்றால் சரி. 4.7 பக்கம் ஆடினால், ஹார்ட் டிஸ்க்கும் சேரும்போது கட்டாயம் விழும். பை 4-க்கென்றே செய்த, கேபிள் பிரியாமல் சேர்ந்தே வரும் அடாப்டரை வாங்குங்கள். இந்த மொத்த வேலையில் காசு செலவழிக்கத் தகுந்த முதல் பொருள் அதுதான்.

அடுத்தது கார்டு. அதை எடுத்து, கார்டு ரீடரில் போட்டு, கம்ப்யூட்டரில் செருகுங்கள். விண்டோஸ் ‘இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யவா?’ என்று கேட்கும். வேண்டாம் என்று மூடுங்கள். கார்டில் இரண்டு பகுதிகள் உண்டு. சிறியது ஃபேட்32, விண்டோஸுக்குத் தெரியும். பெரியது லினக்ஸின் எக்ஸ்ட்4, விண்டோஸுக்குப் புரியாது, அதனால்தான் நல்ல கார்டைப் போட்டாலும் இப்படிக் கேட்கிறது. இந்தக் கேள்விக்குப் பழக்கத்தில் ‘சரி’ அழுத்தி எல்லாவற்றையும் இழந்தவர்கள் நிறைய.

சிறிய பகுதியைத் திறந்தால் ஸ்டார்ட்4.எல்ஃப், கான்ஃபிக், சிஎம்டிலைன், கெர்னல் என்று தொடங்கும் கோப்புகள் இருக்க வேண்டும். அளவையும் பாருங்கள். பெயர் இருந்து அளவு 0 பைட் என்றால், எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனதன் தழும்பு அது. கார்டு கம்ப்யூட்டருக்கே தெரியவில்லை என்றால், அல்லது நீங்கள் மாற்றும் எதுவும் பதியாமல் அடுத்த முறை பழையபடியே நின்றால், கார்டு தேய்ந்து முடிந்துவிட்டது. தெரிகிறது என்றால் எதையும் பழுதுபார்க்கும் முன் முழுக் கார்டையும் ஒரே இமேஜ் கோப்பாக நகல் எடுத்துவிடுங்கள். உங்கள் பிளேலிஸ்ட், சர்வர் அமைப்புகள் எல்லாம் அந்தப் பெரிய பகுதியில்தான் இருக்க வாய்ப்பு.

இனி வேறொரு 16 ஜி.பி. கார்டில் ராஸ்பெர்ரி பை இமேஜர் என்ற மென்பொருள் மூலம், டெஸ்க்டாப் இல்லாத லைட் பதிப்பு இயங்குதளத்தை ஏற்றி, அதைப் பையில் போட்டு எழுப்புங்கள். எழுந்தால் போர்டைப் பற்றிய சந்தேகம் தீர்ந்தது. பழைய கார்டை ரீடரோடு பையின் யூ.எஸ்.பி.யில் செருகி, மவுண்ட் செய்யாமலே (கோப்புகளைத் திறக்கும்படி இணைக்காமலே), கோப்பமைப்புப் பிழைகளைத் திருத்தும் எஃப்.எஸ்.சி.கே. கட்டளையை இரண்டு பகுதிகளுக்கும் ஓட்டலாம். பிழை திருத்தி எழுந்தாலும் அந்தக் கார்டைத் தொடர்ந்து நம்பாதீர்கள். அதிலிருந்து தேவையானதை எடுத்துக்கொண்டு அதிகம் எழுதினாலும் தாங்கும் ‘ஹை எண்டியூரன்ஸ்’ வகைப் புதுக் கார்டுக்கு மாறுங்கள்.

புதுக் கார்டிலும் அதே நாலு மின்னல் வந்தால்? கடலோர வீடுகளில் இதை நான் தனியாகவே சொல்ல வேண்டும். குளச்சல், முட்டம், மணக்குடி என்று கடலை ஒட்டிய ஊர்களில் உப்புக்காற்று முதலில் பிடிப்பது இப்படி மூடியில்லாத சிறு உலோகத் தொடுமுனைகளைத்தான். போர்டைத் திருப்பிப் போட்டு, கார்டு செருகும் வாயில் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே மெல்லிய வில் போன்ற எட்டு முனைகள் வரிசையாகத் தெரியும். பொன்னிறமாக மின்ன வேண்டியவை மங்கியோ, பச்சைக் களிம்பு ஏறியோ இருந்தால் பழுது அங்கேதான். மொபைல் சர்வீஸ்காரர்கள் பயன்படுத்தும் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கார்டின் தங்க முனைகளை நனைத்துத் துடையுங்கள். பிறகு கரண்ட் இல்லாத நிலையில் கார்டை நாலைந்து முறை செருகி எடுங்கள், அந்த உரசலே களிம்பைக் கீறிவிடும். அரை மணி நேரம் காயவிட்டுச் சுவிட்ச் போடுங்கள். துருப்பிடித்த பூட்டுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரே வேண்டவே வேண்டாம், அது படலமாகத் தங்கித் தூசியைப் பிடிக்கும். டி.ஏ.சி. போர்டின் துளைகளுக்கும் இதே ஆல்கஹால் சுத்தம் நல்லது.

கார்டு வாய் எதற்கும் மசியவில்லை என்றாலும் போர்டைத் தூக்கி எறிய வேண்டாம். பை 4 யூ.எஸ்.பி.யிலிருந்தும் எழும். ஒரு பென் டிரைவிலோ சிறு எஸ்.எஸ்.டி.யிலோ அதே இமேஜை ஏற்றிச் செருகினால் பெரும்பாலான போர்டுகள் அதிலிருந்து கிளம்பிவிடும், சால்டரிங் வேலை எதுவும் இல்லை.

வெறும் போர்டு எழுந்தபின் ஒவ்வொன்றாகச் சேருங்கள், ஒவ்வொரு முறையும் முழுதாக அணைத்து. முதலில் டி.ஏ.சி. அதைச் சேர்த்ததும் நின்றுபோனால் பழுது அதில் அல்லது வளைந்த பின்னில். கடைசியாக ஹார்ட் டிஸ்க். சுழலும் 2.5 அங்குல டிஸ்க் கிளம்பும் கணத்தில் 1 ஆம்பியர் வரை இழுக்கும். பை 4-இன் நாலு யூ.எஸ்.பி. வாய்களுக்கும் சேர்த்தே மொத்தம் 1.2 ஆம்பியர்தான். ‘டிக், டிக்’ என்று சுழல முயன்று நிற்கும் சத்தம் கேட்டால் தனி அடாப்டர் உள்ள யூ.எஸ்.பி. ஹப் வழியாகக் கொடுங்கள். டிஸ்க் விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ். வடிவில் இருந்தால், முதலில் விண்டோஸில் செருகிப் பிழை சரிபார்ப்பு ஓட்டி, முறைப்படி வெளியேற்றிய பிறகு பைக்குக் கொண்டுவாருங்கள். கரண்ட் பாதியில் போன டிஸ்க்கை லினக்ஸ் எழுத மறுக்கலாம்.

புதிதாக அமைக்கும்போது டிஸ்க்கைப் பழைய அதே பாதைப் பெயரில் மவுண்ட் செய்யுங்கள். பிளேலிஸ்ட் கோப்புகளில் ஒவ்வொரு பாட்டின் முழுப் பாதையும் எழுதியிருக்கும். பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் பாட்டு இருந்தும் பிளேலிஸ்ட் காலியாகத் தெரியும். எழும்போது எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்.எஸ்.டேப் கோப்பில் டிஸ்க்கை அதற்கே உரிய யூ.யூ.ஐ.டி. எண்ணால் குறிப்பிட்டு, ‘நோஃபெயில்’ என்ற சொல்லையும் சேருங்கள். அது இல்லையென்றால், டிஸ்க் கழன்றிருக்கும் ஒருநாள் சர்வர் ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டு அவசர நிலைக்குப் போய் நின்றுவிடும். நீங்கள் மறுபடி போர்டு போய்விட்டதென்று நினைப்பீர்கள்.

இனி மழைக்கு என்ன செய்வது? நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு, சித்திரை வைகாசியிலும் ஐப்பசியிலும் இடி வேறு. அதனால் கரண்ட் போகும் என்றே வைத்துக்கொண்டு அமைப்பது நல்லது. பைகோர்பிளேயர் என்ற சிறு இயங்குதளம் எழுந்ததும் தன்னை முழுதாக ரேமில் ஏற்றிக்கொள்கிறது, ஓடும்போது கார்டில் எழுதுவது மிகக் குறைவு. லிரியன் சர்வரும் அதில் ஓடும். உங்கள் தேவைக்கு அதைத்தான் சொல்வேன். பேட்டரி காப்பு வேண்டுமென்றால் 5 வோல்ட், 3 ஆம்பியர் தரும் பைக்கான யூ.பி.எஸ். போர்டாகப் பாருங்கள். ரூட்டருக்கென்று விற்கும் மினி யூ.பி.எஸ்.களில் 12 வோல்ட் வாய் இருக்கும், அதை ஏதாவது இணைப்பானில் மாற்றிப் பைக்குக் கொடுத்தால் போர்டு கருகும். இடி தொடங்கினால் சர்வரை முறையாக அணைத்து, பிளக்கோடு லேன் கேபிளையும் உருவி வையுங்கள். ரூட்டர் வழியாக வரும் மின்னலுக்குச் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்பது தெரியாது.

வில்லுப்பாட்டுப் பதிவுகள் இப்போது ஒரே ஒரு டிஸ்க்கில் இருப்பதாகத் தெரிகிறது. சர்வர் எழுந்த அன்றே இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுத்து, கடலோரம் இல்லாத வேறு வீட்டில், தக்கலையிலோ நாகர்கோவிலிலோ சொந்தக்காரர் யாரிடமாவது, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப்புகாத டப்பாவில் கொடுத்து வையுங்கள்.