சம்பளத்துக்கு வரி வராது. சைடு பிசினஸ் தொடங்கினால்?

கேள்வி: தனியார் நிறுவனத்தில் ஆண்டுக்கு 12.60 லட்சம் ரூபாய் சம்பளம் வாங்குகிறேன். புதிய வரி முறையில் இருப்பதால் டி.டி.எஸ். (அலுவலகமே சம்பளத்தில் பிடிக்கும் வரி) பிடிப்பதில்லை. 2025 ஏப்ரல் முதல் வீட்டில் துணிப்பை தைத்து விற்கிறேன். நிதியாண்டு முடிவதற்குள் விற்பனை 6 லட்சத்தைத் தொடும். பணம் முழுக்க யு.பி.ஐ.யில் வருகிறது. இதற்குத் தனியாக வரி உண்டா? தையல் மெஷின் வாங்கிய செலவைச் சம்பளத்தில் கழிக்கலாமா?

பதில்: தனியாக வரி கிடையாது. தொழிலில் வரும் லாபத்தைச் சம்பளத்தோடு கூட்டி மொத்தத்துக்கும் வரி போடுவார்கள். உங்கள் சம்பளம் வரியில்லா வரம்பின் ஓரத்தில் நிற்பதால், சிறு லாபம்கூட உங்களை அந்தப் பக்கம் தள்ளிவிடும்.

2025-26 நிதியாண்டுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 12,60,000 ரூபாயில் நிலையான கழிவு 75,000 போக 11,85,000. இது 12 லட்சத்துக்குள் இருப்பதால் வருமான வரிச் சட்டத்தின் 87ஏ பிரிவுத் தள்ளுபடி கிடைத்து வரி பூஜ்யமாகிறது. தொழிலுக்கு, சிறு தொழில்களுக்கான 44ஏடி பிரிவைப் பயன்படுத்தினால், கணக்குப் புத்தகங்கள் பராமரிக்காமலே, வங்கி வழியாக வந்த விற்பனையில் 6 சதவீதத்தை லாபமாகக் காட்டலாம். ரொக்கமாக வந்ததற்கு 8 சதவீதம். உங்களுக்கு 36,000 ரூபாய். கூட்டினால் 12,21,000, தள்ளுபடி போய்விட்டது.

ஸ்லாப்படி (வருமானப் படிநிலைகளுக்கான விகிதப்படி) வரி 63,150. ஆனால் 12 லட்சத்தைத் தாண்டிய தொகையைவிட வரி அதிகமாகக் கூடாது என்று மார்ஜினல் ரிலீஃப் இருக்கிறது. அதனால் வரி 21,000, அந்த வரியின் மேல் 4 சதவீத செஸ் சேர்த்து 21,840 ரூபாய். காட்டுவது 36,000 லாபம், அதில் பாதிக்கு மேல் வரிக்கே போகிறது! பைக்கு விலை வைக்கும்போதே இதை மனதில் வையுங்கள். 6 சதவீதம் என்பது குறைந்தபட்சம்தான். கையில் அதைவிட அதிகம் நின்றால் அதையே காட்டுங்கள் என்பது என் ஆலோசனை. மொத்த வருமானம் சுமார் 12.70 லட்சத்தைத் தாண்டிவிட்டால் மார்ஜினல் ரிலீஃப் கிடையாது, வழக்கமான ஸ்லாப்தான்.

மெஷின் செலவைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. 44ஏடியில் தேய்மானம் உட்பட எல்லாச் செலவும் கழிந்துவிட்டதாகவே கருதுவார்கள். கணக்குப் புத்தகம் வைத்து உண்மையான நஷ்டத்தையே காட்டினாலும் அதைச் சம்பளத்தோடு ஈடுகட்டச் சட்டம் அனுமதிப்பதில்லை. கெடு தேதிக்குள் ரிட்டர்ன் போட்டிருந்தால், அந்த நஷ்டத்தை 8 ஆண்டுகள் வரை எடுத்துச் சென்று தொழில் லாபத்தில் கழிக்கலாம்.

பலர் சறுக்குவது அட்வான்ஸ் டாக்ஸில். டி.டி.எஸ். போக 10,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் வரி பாக்கி இருந்தால் முன்கூட்டியே கட்ட வேண்டும். 44ஏடியில் வருபவர்களுக்கு நான்கு தவணை இல்லை, மார்ச் 15-க்குள் முழுவதையும் கட்டினால் போதும். தவறினால் 234சி பிரிவிலும், ஏப்ரலில் இருந்து மாதம் 1 சதவீதம் என 234பி பிரிவிலும் வட்டி சேரும். இன்னொரு சுலபமான வழி உண்டு: தொழில் வருமானத்தை அலுவலகத்தில் எழுதிக்கொடுத்தால், அதற்கான வரியையும் அவர்களே சம்பளத்தில் பிடிப்பார்கள். இரண்டாவது தொழில் செய்வது அலுவலகத்துக்குத் தெரிந்துவிடும் என்பதால், முதலில் உங்கள் பணி நியமனக் கடிதத்தில் அதற்குத் தடை இருக்கிறதா என்று படித்துவிடுங்கள்.

அலுவலகம் தரும் ஃபார்ம் 16-ஐ வைத்து வழக்கம்போல் ஐ.டி.ஆர்-1 ரிட்டர்ன் படிவத்தைப் போட்டுவிடாதீர்கள். தொழில் வருமானம் இருந்தால் அது செல்லாது, உங்களுக்கு ஐ.டி.ஆர்-4. வரி முறையிலும் கவனம் தேவை. சம்பளம் மட்டும் இருப்பவர் ஆண்டுதோறும் பழையது, புதியது என்று மாறிக்கொள்ளலாம். தொழில் வருமானம் உள்ளவர் 10-ஐஇஏ படிவம் கொடுத்துப் பழைய முறைக்குப் போனால், ஒரே ஒரு முறைதான் புதியதற்குத் திரும்ப முடியும். அதன்பின், தொழில் வருமானம் இருக்கும்வரை பழைய முறை கிடையாது.

சொந்த மாநிலத்துக்குள் நேரடியாக விற்கும்வரை, பெரும்பாலான மாநிலங்களில் 40 லட்சம் ரூபாய் விற்பனை வரை ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. வெளிமாநிலத்துக்குப் பொருள் அனுப்பவோ ஆன்லைன் தளங்களில் விற்கவோ நினைத்தால், முதல் ஆர்டருக்கு முன்பே ஆடிட்டரிடம் கேளுங்கள். அங்கே இந்த வரம்பு பொதுவாகப் பொருந்தாது.

தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு இப்போதே தொடங்குங்கள். சம்பளக் கணக்கிலேயே யு.பி.ஐ. வரவையும் வாங்கினால், தங்கை திருப்பித் தந்த 5,000 ரூபாயும் பை விற்ற 5,000 ரூபாயும் ஸ்டேட்மென்ட்டில் ஒரே மாதிரிதான் தெரியும். இரண்டு வருடம் கழித்து நோட்டீஸ் வந்தால், எது எதுவென்று நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது.